ரிங் ரோட்டில் பாமீர்

மூன்றாம் ஜன்னல்காரர்
பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
படத்தில் இருப்பது நீங்கள்தானா?
கோவில்பட்டியில் எடுத்த படம் அது.
அதன் பிறகு
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வெயில்
முகத்தில் ஏறியிருக்கிறது.
ஹெல்மெட் வார் மறைத்த இரண்டு கோடு மட்டும்
பழைய நான்.
விரலால் தொட்டுக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அது நவம்பர்.
இப்போது ஜனவரி.

முனிர்காவில் நாலாம் மாடி.
ஒற்றை ஆள் ஏறும் படி.
சைக்கிளைத் தோளில் போட்டு
ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரிடம் மன்னிப்புக் கேட்டு
ஏற்றினேன்.
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நிற்கிறது.
புரண்டு படுத்தால் பெடல் முழங்காலில் இடிக்கும்.
மீட்டரில் 2914,
பல்லி மாதிரி அசையாமல்.

அறையில் கூட இருக்கும் லால்ரின்புயி
புள்ளியியல் படிக்கிறாள்.
காலையில் பல் துலக்கிக்கொண்டே சொல்வாள்:
நீ கிளம்பிய நாளிலிருந்து கணக்குப் போட்டால்
சராசரி நேற்று இருபத்தெட்டு, இன்று அதற்கும் கீழே.
ஆனால் பயப்படாதே,
எத்தனை வருஷம் இங்கேயே கிடந்தாலும்
பூஜ்யம் ஆகாது.

அதற்குத்தான் பயந்தேன்.

ஓஷிலிருந்து கோரோக் எழுநூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர்.
ரிங் ரோடு நாற்பத்தெட்டு.
பதினைந்து சுற்றுப் போட்டால் எட்டுதான் பாக்கி.

முன்சக்கரத்துக் காந்தத்தைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
சுற்றுவது மீட்டரில் ஏறக் கூடாது,
கள்ளக்கணக்கு வேண்டாம்.
பின்னிரவு மூன்று மணி.
பனிமூட்டம் தெருவிளக்கைக் கரைத்துக் குடித்திருந்தது.
ஆஷ்ரம் மேம்பாலத்தைக்
கணவாய் என்று வைத்துக்கொண்டேன்.
அசல் கணவாய் நாலாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல்.
இது ஒரு பனைமரம் அளவு.
இருந்தாலும் இறங்கித் தள்ளினேன்,
அங்கே தள்ளத்தான் வேண்டியிருக்கும்.

தனியாகவா?
காஷ்மீரி கேட்டில் போலீஸ் ஜீப்பை நிறுத்திக் கேட்டார்கள்.
இந்த ஒரே கேள்விக்கு ஐந்து மொழியில்
ஒரே பொய்யைச் சொல்லிப் பழக்கம்:
அண்ணன் பின்னால் லாரியில் வருகிறான்.
எனக்கு அண்ணன் கிடையாது.
பொய் மட்டும்
இத்தனை தூரமும் என்னோடு வந்தது,
பஞ்சர் ஆகாமல்.

ஒன்பதாம் சுற்றில் ஆசாத்பூர் மண்டி.
கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த குல்விந்தர்
அதையே கேட்டார்.
என்னமோ, ஆமாம் தனியாகத்தான் என்றுவிட்டேன்.
எங்கே?
கோரோக்.
சோனிபட்டுக்கு அந்தப் பக்கமா?
ஆமாம், கொஞ்சம் தாண்டி.
வழிக்கு என்று இரண்டு கேரட் எடுத்துத் தந்தார்.
மண்ணோடு.
ரத்தச் சிவப்பு.
பஞ்சாபி பாக் வருவதற்குள் ஒன்றைத் தின்றுவிட்டேன்.
கழுவவில்லை.

பதினைந்தாவது சுற்று முடிந்த அன்று
அறையிலிருந்து மூன்றாம் ஜன்னலுக்கு
எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.
எட்டு.
சத்தியமாக எட்டு.

மறுநாள் காந்தத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
பாதி வழியில் தடுப்புக் கட்டை.
குடியரசு தின ஒத்திகை.
தொப்பியைச் சரிசெய்தபடி காவலர்
சுற்றிக்கொண்டு போ என்றார்.
சுற்றுவது எனக்குப் புதிதா.
ஒட்டகப் படை கடக்கக் காத்திருந்தேன்.
ஒரு ஒட்டகம் மட்டும்
வரிசையை விட்டுத் தலையைத் திருப்பி
என் பைகளைப் பார்த்தது,
எடை போடுகிற மாதிரி.

வந்து சேர்ந்தபோது மூன்று கிலோமீட்டர் கூடுதல்.
மீட்டரில் 2925.

எனக்கு முன்னால் நாலு பேர்.
ஜன்னலுக்குள் அதே ஆள், அதே ஸ்வெட்டர்.
புதுப் படம் கையில் இருக்கிறது,
இரண்டு கோடும் தெளிவாகத் தெரிகிறது.
அவரிடம் சொல்லப்போவதில்லை,
கோரோக்கைத் தாண்டி
மூன்று கிலோமீட்டர் வந்துதான்
இந்த வரிசையில் நிற்கிறேன் என்று.