அடி

சோம்பா பெரியாஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுக்கிறாள் தியன்ஜானே.
இரவுப்பணியில் கூட்டம் ஓய்ந்தபின்
எலும்பு பார்க்கும் விளக்குப்பலகையில்
தபால்தலைகளைப் பரப்புவாள்.

நியாசாலாந்து. ஒரு பென்னி.
மேலே தாடிவைத்த ராஜா,
கீழே பாறைமேல் சிறுத்தை,
அதன் முதுகுக்குப் பின்னால்
உதித்தும் உதிக்காத சூரியன்.

லிங்கனிலிருந்து பெட்டிஃபர் துரை
ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்:
அம்மணி, முத்திரை படாதவை என்னிடம் உண்டு,
பசைகூட அப்படியே. நீங்கள் கேட்பதெல்லாம் கழிவு.
கழிவையே அனுப்புங்கள்,
கிலோ என்ன விலை?

அவளுக்கு வேண்டியது ராஜா இல்லை,
சிறுத்தையும் இல்லை.
அடி.

டெட்ஸா தபாலாபீஸில் ஒருவன் இருந்தான்.
பேர் எங்கும் இல்லை. கை இருக்கிறது.
வட்ட முத்திரையை மையில் தோய்த்து
மூக்கும் மீசையும் சேரும் இடம் பார்த்து
இறக்கியிருக்கிறான்,
மழைக்காலம், வெயில்காலம், திங்கட்கிழமைகளில் இன்னும் கொஞ்சம் ஓங்கி.
திருப்பிப் பார்த்தால் காகிதத்தின் முதுகு புடைத்திருக்கும்.
விரல் வைத்தால் தழும்பு தட்டும்.
குடிசைவரி கட்டாதவனைக் கயிறுகட்டி இழுத்த காலத்தில்
ராஜா முகத்தில் நாள்தோறும் குத்துவிட்டு
மாசக்கடைசியில் ராஜாவிடமே
சம்பளம் வாங்கியவன்.

ஃபோர்ட் ஜான்ஸ்டன் ஆள் வேறு மாதிரி.
ஓரத்தைத் தொட்டுவிட்டு
தப்பு செய்தவன்போல் விலகிக்கொள்கிறான்.
அவனைத் தனி உறையில் போட்டுவைத்திருக்கிறாள்.

எங்கள் பாஷையில் இதற்குத் தபால்தலை என்று பேர்
என்று அவளிடம் யாராவது சொன்னால்
சிரிப்பாள் என்று நினைக்கிறேன்.

நேற்று வந்த பொட்டலத்தில் ஒன்று.
டெட்ஸா. 1936, ஜனவரி இருபத்திரண்டு.
ராஜா செத்த தந்தி வந்திருக்கக்கூடிய நாள்.
முத்திரை மூலையில், கால்வட்டம்,
சூரியனைக்கூட முழுசாய் மூடவில்லை.
முகத்தில் மைப்பொட்டு இல்லை.
திருப்பினாள். முதுகு வழவழ.

விளக்கை அணைத்து மறுபடி போட்டாள்.
துக்கமா?
துரை பக்கத்தில் வந்து நின்றானா?
பிணத்தை அடிப்பதில்லை என்று வளர்ந்தவனா?
இல்லை, அன்றைக்கு அவன் லீவா?
இந்தப் படத்தில் எலும்பு தெரியவில்லை.

அடுத்தது பிப்ரவரி மூன்று.
அதே பழைய ராஜாதான்.
புதுத்தலை வந்துசேரக் கப்பலுக்கு நாளாகும்.
மூக்கின்மேல்,
வழக்கமான இடத்தில்,
டொம்.

வாசலில் சத்தம்.
சைக்கிளோடு விழுந்த ஒருவனைத் தூக்கிவந்தார்கள்.
தலைகளை உறைக்குள் தள்ளிவிட்டு
எழுந்துபோய்க் கேட்டாள்,
எங்கே அடி?