தளியில் ஒரு சொல்

தளி. எங்கள் பசுமைக்குடிலுக்குள் வெக்கை.
அடைத்த சொட்டுக் குழாயை ஊசியால் குத்தியபடி
ஷுலமித் கேட்டாள்:
பிறர் மலையில் வீடு கட்டிய என் அண்ணனை
உங்கள் பாஷையில் என்னவென்பீர்கள்?

குடியேறியவன், என்றேன்.
ரொம்பச் சுத்தமான சொல், என்றாள்.

இன்னொன்று இருக்கிறது.
வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்று
ஓசூர்ப் பள்ளியில் என் முதுகில்
சாக்பீஸால் எழுதியது: வந்தேறி.
அதை அவளுக்குத் தரவில்லை.

தெரு மொத்தமும் எரிந்தபின்
ஒற்றைப் பெட்டியோடு கப்பல் இறங்கியவர் தாத்தா.
போக வேறு கதவு இல்லை.
கொடுத்த வீட்டின் பின்னால்
எலுமிச்சை காய்த்துக் கிடந்ததாம்.
நட்டவர் எங்கே என்று
நான் கேட்டதிலிருந்து அண்ணன் பேசுவதில்லை.
நீ யூதச்சியா என்கிறான்.
யூதச்சி என்பதால்தானே, என்றாள்
ஊசியை வாயில் கவ்விக்கொண்டு.
வெள்ளி அந்தியில் இருவர் வீட்டிலும்
ஒரே மாதிரி மெழுகுவத்தி.

வெளியே டிரே அடுக்கிக்கொண்டிருந்தான் கெம்பன், இருளர்.
இந்த மேட்டுக்கு அவர்களிடம் வேறு பேர் உண்டு.
பட்டாவில் இருப்பது என் அப்பா பேர்.

சாயங்காலம் கேட்டேன்,
அது என்ன பேரு கெம்பா.
எதுக்கும்மா இப்போ, என்று
அடுத்த டிரேயைத் தூக்கினான்.