பன்னிரண்டு செல்லப் பெயர்கள்

கல்லைப் பற்றி வளரும் ஈப்புழுக்கள் உண்டு.
இது நண்டைப் பற்றி வளரும் சாதி.
ருவாகிஜுமா பொறியைத் தூக்கிக் காட்டினார்.
நண்டின் கால் இடுக்கில்
குருணை அளவில் மூன்று.
"திரும்பி வந்துவிட்டதா?" என்றார்,
இடது கண் பாலாய் வெளுத்தவர்.

ஓடை ஓடையாக மருந்து ஊற்றி
ஒழித்தாயிற்று என்று பலகை நட்டார்கள்.
அந்தப் பலகையில் இப்போது
யாரோ வாழைத்தார் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கண்ணைத் தின்னும் கறுப்பு ஈ ஒன்று.
அக்காளோ தங்கையோ, இன்னொன்று.
அதே கூன் முதுகு,
அதே கண்ணாடிச் சிறகு.
ஆளைக் கடிக்கத் தெரியாதாம் அதற்கு.
புழுவாய்க் கிடக்கையில்
என் லென்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் டோரோவில்
யாரைப் பார்த்தாலும் முதலில் செல்லப் பெயர் கேட்போம்.
மொத்தமே பன்னிரண்டு. ஒன்று அரசனுக்கு.
மற்றவர் எல்லோருக்கும் மீதிப் பதினொன்று.
என் தம்பி அமூட்டி.
அவனைச் சந்தையில் அறைந்த போலீஸ்காரனும் அமூட்டி.
கூப்பிடும்போது பாசம் இருக்கும்;
உறவு இருக்க வேண்டியதில்லை.

ஆகவே புழுவை நசுக்கினேன்.
சாராயம், உப்பு, சூடு, குளிர்.
இரண்டு முறை மின்சாரம் போனது.
தலைநகர் அலமாரியில்
ஐம்பது வருடமாய் ஊசியில் நிற்கும்
பழைய கடிகாரி ஒருத்தியின்
ஒற்றைக் காலைக் கடன் கேட்டு
மூன்று கடிதம் போட்டேன்.
கால் வந்தது, ரசீதோடு.

ஏ, சி, ஜி, டி.
நாலே எழுத்தில் ஒரு கொடிவழி.
மைட்டோகாண்ட்ரியா, தாய் மட்டும் தருவது,
"இது அந்தக் கடிகாரியின் வயிறு" என்றது.
உட்கருவின் மரபணுக்கள், ஏழில் ஆறு,
"இல்லை, சாதுவானவளின் வீடு" என்றன.
குழாயில் அழுக்கு என்று நினைத்தேன்.
அழுக்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
மறுபடி ஓட்டினேன். அதே பதில்.

எப்போதோ,
இந்தக் காடும் அந்தக் காடும் ஒன்றாய் இருந்தபோது,
ஒருத்தி அடுத்த கூட்டத்தில் துணை தேடியிருக்கிறாள்.
பேத்திகளின் பேத்திகள்
முகத்தை, குணத்தை, எல்லாவற்றையும்
புகுந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு
அவளை மட்டும் சுமந்து வருகிறார்கள்.
அல்லது
குணத்தைக் கொடுக்கவில்லையோ?

மாவட்ட அதிகாரிக்கு ஒரே சொல் வேண்டும்.
"கடிக்காத இனத்துக்கு நெருக்கம், ஆனால்"
என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதினேன்.
'ஆனால்' முதல் கடைசி வரை
சிவப்பு மையில் அடித்து அனுப்பினார்.

ருவாகிஜுமாவுக்குத் தாளில்
கிளை வரைந்து காட்டினேன்.
இரண்டு கிளைக்கும் நடுவே
என் பென்சில் தடுமாறிய இடத்தில்
விரலை வைத்தார்.
"இங்கேதான் என் கண் இருக்கிறது."

பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு
நீரோரம் போய் உட்கார்ந்தார்.
"வேண்டாம்" என்றேன். அவர் திரும்பவில்லை.
வெயில் ஏறியது.
ஒன்று வந்து இறங்கியது,
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நடந்தது,
நின்றது.
நான் மூச்சு விடவில்லை.
அவர் குனிந்து, நல்ல கண்ணை அருகே கொண்டுபோய்,
விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டார்:
"உன் செல்லப் பெயர் என்ன?"