ஒன்பதும் ஆறும்

அக்டோபர் மூன்று. முதல் உறைபனி.
விடிகாலை டிராம் எடுக்கப் போகையில் பார்த்தேன்:
டாலியா இலைகளெல்லாம் ஒரே இரவில்
வெந்த கீரையாய்க் கறுத்துத் தொங்கின.
அழ ஒன்றுமில்லை.
தோண்டு என்று அவை சொல்லும் விதம் அது.

ஞாயிறன்று தோண்டினேன்.
தண்டை ஒரு சாண் விட்டு நறுக்கி,
தள்ளி நின்று மண்வாரியைக் குத்தி,
பிள்ளைத்தாய்ச்சியை எழுப்புவதுபோல மெல்ல நெம்பி
ஒன்பது கொத்து.
லியெபாயா மண் பாதி கடல்மணல்,
உதறினால் விட்டுவிடும்.
செய்தித்தாளில் இரண்டு நாள் உலர்த்தி,
மரக்குச்சிகளில் நிறங்களை எழுதிச் செருகி,
மணல்பெட்டியில் படுக்கவைத்து
நிலவறைக்கு இறக்கினேன்.
அங்கே ஐந்து டிகிரி.
அதைவிடக் குறைந்து உறைந்தால் அழுகும்.
ஏறினால் தூக்கம் கலையும்.

அமரிலிஸ் மட்டும் என்னோடு வீட்டுக்குள்.
துணி அலமாரிக்கடியில், பூட்ஸுகளுக்குப் பின்னால்,
எட்டு வாரம் இருட்டு, சொட்டுத் தண்ணீர் கிடையாது.
போன வருஷம் இரக்கப்பட்டு ஊற்றி ஊற்றி
வெறும் இலைதான் வாங்கினேன்.
இந்த முறை கல்நெஞ்சு.

ஜனவரியில் எப்போதோ
என் நிலவறைக் கதவில் 9 என்ற தகரம்
மேலாணி கழன்று தலைகீழாய்த் தொங்கி
6 ஆகிவிட்டது.
பூட்டு நான் எப்போதும் போட்டதில்லை.
ஆறு, மூன்றாம் மாடி லைம்தோட்ஸின் அறை.
கப்பல்பட்டறை வெல்டர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.
முன்பிருந்தவர் கொஞ்சம் உருளைக்கிழங்கு
விட்டுப்போயிருக்கிறார் என்று
யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தின்றுவிட்டான்.
வேகவைத்து, வதக்கி, பன்றிக்கொழுப்பில் பொரித்து,
ஒன்பது கொத்தையும்.
படிக்கட்டில் அவன் தோல்வாளியைத் தாண்டும்போது
கழுத்துகளைப் பார்த்தேன்.
என் கத்தி வெட்டிய தண்டு எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்தவனின் காது மடல் சிவந்துபோயிற்று.
முள்ளங்கிக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே
ஒரு ருசி என்றான்.
இரவெல்லாம் வயிறு பேசியது என்றான்.
குச்சிகள் எங்கே என்றேன்.
அடுப்பைத் திரும்பிப் பார்த்தான்.
பற்றவைக்கத் தோதாக யாரோ
சீவிவைத்தது என்று நினைத்தானாம்.

வாளியைத் தரையில் கவிழ்த்து
சமையலறை விளக்கடியில் இருவரும் குந்தினோம்.
கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும்
அதற்குக் கண் கிடையாது.
கண் இருப்பது கழுத்தில்,
குண்டூசித் தலையளவு ஒரு சிவப்புப் புடைப்பு.
அவன் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.
ஒன்பது கழுத்தில் இரண்டு தேறின,
விரல் நுனியளவு சதையோடு.

மார்ச்சில் ஜன்னலோரம் தொட்டிகள்.
அலமாரிக்கடியிலிருந்து வந்த அமரிலிஸ்
ஒரே தண்டில் நான்கு சிவப்பு வாய் திறந்து
டிராம் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பக்கத்தில் இந்த இரண்டும்
கடன் கேட்க வந்த உறவுக்காரர்கள்போல
மண்ணுக்குள் முகம் புதைத்து.

ஏப்ரலில் அவன் இரும்பில் ஒரு ஒன்பது
வெட்டிக்கொண்டு வந்தான்.
நான்கு திருகாணி.
இனி கட்டடம் விழுந்தாலும் அது ஆறாகாது.

பனிப்பயம் போன பிறகு, மே கடைசியில்,
வேலியோரம் நட்டேன்.
ஆகஸ்டில் ஒன்று பூத்தது,
பீட்ரூட் அறுத்த கைபோல் அடர்ந்த சிவப்பு.
செப்டம்பர் முதல் தேதி
பிள்ளைகள் கிளாடியோலஸ் ஏந்திப் பள்ளிக்குப் போனார்கள்.
என் டிராமே பூந்தோட்டமாயிற்று.
இரண்டாவது செடி அப்போதும் மொட்டை இறுக்கிக்கொண்டிருந்தது.

காலையில் படியிறங்கும்போதெல்லாம் கேட்பான்:
"நான் தின்றதெல்லாம் என்ன நிறம்?"
வெள்ளை ஒன்று. டிராம் முகவிளக்கின் மஞ்சள் ஒன்று.
ஊதா ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது ஒன்று.
மற்றவை நினைவில்லை,
நினைவுக்காகத்தானே குச்சி.
"இது எது?"
திறந்தால் தெரியும்.
தெரிந்தால் உன் கணக்கில் ஒன்று கழியும்.

இன்று இரவு மைனஸ் ஒன்று என்கிறது வானொலி.
அவன் தன் படுக்கை விரிப்போடு இறங்கி வருகிறான்.
நான் நான்கு கழி நடுகிறேன்.
மொட்டின் நுனியில் ஒரு கீறல்,
என்ன நிறமென்று டார்ச் வெளிச்சத்தில்
சொல்லமுடியவில்லை.