டண்டீக்குப் போகும் உறை

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
ஐம்பது தொட்டவர்களுக்கெல்லாம் வரும் அந்த உறை.
உள்ளே விரல் நீளத்தில் ஒரு குப்பி,
மூடியோடு ஒட்டிய குச்சி,
எப்படி எடுப்பது என்று படம் போட்ட தாள்.
யாரும் அதை வாசலில் நின்று பிரிப்பதில்லை.

ஹாரிஸ் தீவின் கிழக்குக் கரையில்
பதினெட்டு வருடமாய்த் தபால் கொடுக்கிறேன்.
யார் திருப்பி அனுப்புவார்,
யார் அடுப்பில் போடுவார், தெரியும்.
சொல்லக்கூடாது.
மர்டினா மறுநாளே நீட்டிவிடுவாள்:
"பேரனுக்கு வாழ்த்து அட்டையும் இருக்கிறது,
இரண்டும் உரசாமல் வை."
ஒரே பையில் உரசிக்கொண்டுதான் போகும்
கப்பல் வரைக்கும்.

டோர்குவில் வீட்டில் அந்த உறை
மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
முதுகில் பென்சிலால்
ஓத நேரம், இறால் கூண்டுகளின் கணக்கு.
அவர் பெல்ட்டில் புதிதாய் இரண்டு துளை,
ஆணியால் குத்தியவை, விளிம்பெல்லாம் பிசிறு.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"பீட்ரூட்" என்றார், நான் கேட்காமலே.
"மூன்று வாரமாகவா?"
"நிறையச் சாப்பிடுகிறேன்."
வெளியே படகுக் கயிறு முனகியது.
பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"சில நாள் ரத்தம். சில நாள் இல்லை.
போய்விட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்கிறது."
கூண்டில் ஏறிய நண்டின் ஓட்டில்
ஒரு புள்ளி நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்,
பீங்கானைக் குனிந்து பாராமல்
தண்ணீரை இழுத்துவிட்டு வந்திருக்கிறார்.
புற்று என்ற சொல்லை
இரண்டு பேருமே எடுக்கவில்லை.
இந்தக் கரையில் அதற்கு "அந்த இன்னொன்று" என்று பேர்.

"குப்பிக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றேன்.
"அது எதுவும் தெரியாமல் இருக்கிறவர்களுக்கு.
உங்களுக்குத்தான் தெரிகிறதே.
நாளைக்கே டாக்டரிடம் போங்கள்."

நிமிர்ந்தார்.
"உன்னுடையது?"
"எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை."
"அது இல்லை. பெண்களுக்கு வருமே.
என் கென்னினா காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள்."

என் சமையலறை இழுப்பறையில் மூன்று.
என் பையிலிருந்து நானே எடுத்து
என் வாசலில் நானே எனக்குக் கொடுத்து
நானே வாங்கி வைத்தவை.
வலி இல்லை. கசிவு இல்லை.
நேரம் இல்லை.

கை குலுக்கிக்கொண்டோம்,
ஆடு விற்று முடித்தவர்கள் மாதிரி.

ஸ்டோர்னோவேயில் அவருக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
மூலம்.
கூடவே காளான் மொட்டு போல் இரண்டு,
வளர விடாமல் நறுக்கி எடுத்தாகிவிட்டது.
அப்படியானால் இளைத்தது?
கென்னினா போன பிறகு
ஒற்றைத் தட்டுக்காக அடுப்பு மூட்டத் தோன்றவில்லையாம்.
அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.
மர்டினா சூப் கொண்டு போகிறாள்.

தடிமனாக வந்தது என் கடிதம்தான்.
விடியற்காலையில் தபால் பிரிக்கும்போதே கண்டேன்.
மற்றவர்களுடையதையெல்லாம் கொடுத்து முடித்து
கடைசி வளைவில் வண்டியை நிறுத்தினேன்.
ஓர் ஆடு பக்கக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது.
செல்களில் மாற்றம் என்றிருந்தது.
இன்னும் புற்றல்ல என்றிருந்தது.
அந்த "இன்னும்" மேல்
கட்டைவிரலை வைத்தபடி
எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

மரத்துப்போக ஓர் ஊசி, சூடான கம்பி வளையம்,
பத்தோ பதினைந்தோ நிமிடம்.
நர்ஸ் கம்பளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.
நானும் பதில் சொன்னேன்.
ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.
காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன்,
கோணலாக.

ஒன்றும் செய்யாத உடம்பு எனக்கு.
அவருக்கு அத்தனை அறிகுறி.
யாருக்கு எது என்று
உறையின் எடையை வைத்துச் சொல்ல முடிவதில்லை.

இன்றைக்குப் பையில் அப்படி நான்கு.
டோர்குவில் வீட்டில் மேசை ஆடுகிறது.
தேநீர் சிந்தியது.
அவர் துடைத்தார்,
முட்டுக்கொடுக்க எதையும் தேடவில்லை.