முப்பது நொடி

கொன்ஸ்டான்ட்சா துறைமுகம், தானியக் கிடங்கு அலுவலகம்,
நான்காம் மாடி. லிஃப்ட் இரண்டோடு நின்றுவிடும்.
லுமினிட்சா கொர்போயானு அந்த வாரம் மூன்றாவது முறையாக அழைத்திருந்தார்:
“மறுபடியும் செத்துவிட்டது.”
செத்திருக்கவில்லை. நான் போனபோது
திரை வெளுத்து, நீல வளையம் சுழல,
மின்னஞ்சல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“எப்போது இப்படி ஆகிறது?”
“எப்போதும்.”
“என்ன செய்யும்போது?”
“வேலை செய்யும்போது.”

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.
விசைப்பலகையைக் கவிழ்த்தேன்: சூரியகாந்தி விதைத் தோல், எள்,
ஒரு பார்லி மணி, எந்தக் கப்பலுக்கு உரியதோ.
பழைய கடிதங்களைக் கட்டுக்கட்டாக ஒதுக்கினேன்.
பதினோராயிரம். ஒன்றையும் அழிக்க விடவில்லை.
“ஈரப்பதம் கூடுதல் என்று அந்த எகிப்துக்காரன் மறுபடி வருவான்.”
நிரலை வேரோடு பிடுங்கி மறுபடி நட்டேன்.
புதிய கடிதம் என்று அழுத்தினேன்.
வெளுத்தது.

பிறகுதான் எண்ணத் தொடங்கினேன்.
ஒவ்வொரு முறையும் முப்பது நொடி. கூடாமல், குறையாமல்.
சாவுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.
இது எதற்கோ காத்திருக்கிறது.

தோண்டிப் பார்த்தேன்.
கடிதத்தின் அடியில், அவர் பெயருக்குக் கீழே,
கட்டைவிரல் அகலத்தில் ஒரு படம்:
கோதுமைக் கதிர், நங்கூரம், கம்பெனியின் பழைய சின்னம்.
அது இருந்தது சுலினா கிளையின் சர்வரில்.
சுலினா கிளையை மூடி ஆறு வருடம்.
சர்வரை யாரோ இரும்பு விலைக்குப் போட்டாயிற்று.
இது தெரியாமல் ஒவ்வொரு கடிதமும்
எழுதப்படுவதற்கு முன்பே டான்யூப் முகத்துவாரம் வரை போய்
இல்லாத கதவைத் தட்டி
முப்பது நொடி நின்று பார்த்துவிட்டு
வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

ஒரு வரியை அழித்தேன். அவ்வளவுதான்.
கண்ணிமைக்கும் முன் திறந்தது.
லுமினிட்சா ஒரு கொவ்ரிக் தந்தார், காலையில் வாங்கியது,
விறைத்திருந்தது. படியிறங்கும்போதே தின்றுவிட்டேன்.

புதன்கிழமை மறுபடி அழைப்பு.
“வேகமாக இருக்கிறது.”
“நல்லதுதானே?”
“மேலே வாருங்கள்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
எதிர்மேசையில் மிர்ச்சா காதைத் தீட்டிக்கொண்டான்.
புக்கரெஸ்டிலிருந்து ஹர்ட்டோபானு எழுதுவாராம்,
முழுக்கப் பெரிய எழுத்துகளில், வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி.
இவர் கொதித்துப்போய் ‘பதில்’ என்று அழுத்துவாராம்.
முன்பெல்லாம் திரை வெளுக்கும்.
வெளுத்தால் ஜன்னல்.
சைலோ விளிம்பில் கடற்காகங்கள் இடத்துக்குச் சண்டை போடும்.
ஏதோ ஒரு கப்பல் இழுவைப்படகுக்குக் கழுத்தைக் கொடுத்திருக்கும்.
விதை நாலு உடைபடும்.
திரை திரும்பும்போது கை தானாகவே
‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியிருக்கும்.
ஆறு வருடம் அப்படியே ஓடியது.

“நேற்று வெளுக்கவில்லை.”
“என்ன எழுதினீர்கள்?”
திரையை என் பக்கம் திருப்பினார்.
நான்கு வரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.
இரண்டு முறை படித்தேன்,
இரண்டாவது முறை சந்தோஷத்துக்காக.

ஹர்ட்டோபானு இன்னும் பதில் போடவில்லை.

சுலினாவை எழுப்பித்தர என்னால் ஆகாது.
விதி ஒன்று எழுதினேன்: ‘அனுப்பு’ என்று அழுத்திய பிறகும்
கடிதம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பும்.
“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.
“நிமிடமாகச் சொல்லுங்கள், நொடி வாங்காது.”

ஜன்னலைப் பார்த்தார். உதடு அசைந்தது.
“மற்றவர்களுக்கு ஒன்று.
அவருக்குப் பத்து.”
நான் எழுந்துவிட்டேன்.
“இருங்கள். ஜூலையில் பதினைந்து.
அறுவடை.”