தை வரைக்கும்

புரட்டாசி பாதி வியாபாரத்தைத் தின்றது.
மீதியை ஐப்பசி
நேற்று மூன்று மணிக்கு ஒரே மழையில்
அணைத்துவிட்டுப் போனது.
கார்த்திகையில் ஊர் மாலை போட்டுக்கொள்ளும்.
இனி தைதான்.
அறுப்புக் காசு கை மாறுகிற வரைக்கும்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற பஸ்களுக்கு
வேர்க்கடலை மட்டும்தான்.

முதலில் கடைசித் தீ.
கோழி இல்லாத கம்பிக்கடியில்
ஒரு படி கருவேலங்கரி கொட்டி
மூடி போட்டு அரைமணி.
ஒன்பது மாத மசாலா முறுகி
வெடித்து உதிர வேண்டும்.
வாசனைக்கு ஒரு மன்னார்குடி பஸ்
ஜன்னலைத் திறந்தது.
"இல்லண்ணே, சும்மா எரியுது" என்றேன்.
சும்மா எரிவதை யார் பார்ப்பார்கள்,
ஜன்னல் மூடிக்கொண்டது.

ஆறியதும் இரும்பு பிரஷ்.
கம்பியின் நெடுக்கே தேய்க்கணும், குறுக்கே கூடாது.
சாம்பல் ஒரு பிடிகூட உள்ளே தங்கக் கூடாது.
ஈரம் குடித்த சாம்பலுக்குப் பல் முளைக்கும்.
போன வருஷம் அது கடித்த ஓட்டை
பீப்பாயின் வயிற்றில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு இன்னும் இருக்கிறது.
வெல்டிங் வைக்க இருநூறு கேட்டார்கள்.
எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து
இந்த வருஷத்தை ஓட்டினேன்.

சாம்பலைச் சூசைமேரி வாங்கிக்கொண்டாள்,
விரால் கைக்கு வழுக்காமல் இருக்க.
பதிலுக்கு இரண்டு கெண்டை.
அடுப்பைத் துடைத்த அன்றைக்கா மீன் தருவது?

வைப்பர் மோட்டாரைக் கழற்றினேன்.
ஏதோ ஒரு அம்பாசடரின் கண்ணீரைத் துடைத்தது,
என்னிடம் வந்து கோழி சுற்றியது.
பாலித்தீனில் முடிந்து
அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.
ஈரம் ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

தேங்காய் எண்ணெயைப் பழந்துணியில் தொட்டு
மெல்லிசாக, கம்பி கம்பியாக.
கனத்தால் எலி வரும்.
கடைசியில் காற்றுத் தடுப்புத் தகரம்.
அதன் முதுகில் சுண்ணாம்புக்கட்டியில்
எல்லாக் கடனும்:
வெண்ணாற்று மணல் லாரி 180
எல்ஐசி வேதரத்தினம் 95
கேட் அருமைக்கண்ணு 640.
எண்ணெய் போட்டால் எழுத்து போகும்.
போடாவிட்டால் தகரம் போகும்.

துணியோடு நின்றிருந்தேன்.
டியூட்டி முடிந்து
அருமைக்கண்ணே வந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.
"ஒத்தையில எப்படித் தூக்குவே" என்றார்.
தகரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மேலிருந்து கீழாக நானே துடைத்தேன்.
"அப்ப என் கணக்கு?"
"எழுத்துதான் போச்சு."
சிரிக்கவில்லை அவர்.
பீப்பாயின் அந்தப் பக்கக் காதைப் பிடித்தார்,
இந்தப் பக்கம் நான்.
வாய்க்கால் மதகு தாண்டி, சகதியில்,
சம்சா கடைக்குப் பின்னால் கொட்டகை வரைக்கும்
ஒரு வார்த்தை இல்லை.
கனத்தில் பாதி அவர் பேசாததுதான்.

நாலு செங்கல் மேலே ஏற்றி வைத்தோம்.
காதணி விழா பேனரைப் போர்த்தினேன்.
தலைகீழாக ஒரு குழந்தை
நகைகளோடு முறைத்தது. கயிறு இறுக்கியதும்
அதன் கண் ஒன்று மடிப்புக்குள் போயிற்று.
கரிச்சாக்கை விட்டத்தில் கட்டிவிட்டு
அவர் கை கழுவக் கேட்டார், ஊற்றினேன்.
"தையில தந்துடறேன்."
"தையில சாப்பிடவும் வாங்க."

ராத்திரி பேனரின் மேல் மழை பொரிந்தது,
எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி.
பத்தேகாலுக்குக் கேட் மணி அடித்தது.
தூக்கத்தில் என் கை விசிறியைத் தேடியது.
நெல் ஏற்றிய கூட்ஸாக இருக்கும், வெகுநேரம் போனது,
எத்தனை பஸ் நின்றிருக்குமோ.

காலை ஐந்தரைக்கு
பூவனூர்ப் பக்கம் நாற்றுப் பறிக்கப் போகணும்.
நகக்கண்ணில் இன்னும் கரி.
சேற்றில் அது தெரியாது.